ஜனவரி முதலாம் திகதி பிறந்த ஏழு பேர்

அன்புள்ள மகனுக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்து, தேநீர் குடித்து, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, அலுவிகாரையில் நம் வீட்டு முன் அறையில் உன் அப்பாவும் நானும் முறைப்படி கூடினோம். நீ அனுப்பிய புதிய கையடக்கக் கருவியின் பெட்டியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிப்பதில்லை என்று அங்கே தீர்மானிக்கப்பட்டது. தீர்மானத்தை நான் முன்மொழிந்தேன். வழிமொழிய ஒருவர் வேண்டுமென்று நான் காத்திருந்தபோது உன் அப்பா இருமினார். அது ஆதரவாகப் பதியப்பட்டது. பெட்டி இப்போது அலுமாரியின் மேல்தட்டில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், வாங்கிய கோலத்திலேயே இருக்கிறது. எழுபத்திரண்டாம் ஆண்டில் இந்த இலங்கை நாட்டின் பெயரையே மாற்றியபோதுகூட எங்கள் வீட்டில் இவ்வளவு நேரம் ஆலோசனை நடக்கவில்லை.

பெட்டியோடு வந்த மற்ற இரண்டு பொருள்களையும் நாங்கள் பார்த்தோம். ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டு பக்கப் படிவம். நீயும் நானும் சேர்ந்து எழுதிய மென்பொருளில் எனக்குள்ள பங்கை மெல்பர்னில் உள்ள உன் நிறுவனத்துக்கு முழுமையாகவும் நிரந்தரமாகவும் திரும்பப் பெற முடியாதபடியும் ஒப்படைக்கிறேன் என்று அது சொன்னது. அடியில் உன் கையொப்பம் இருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு எனக்காகக் காத்திருந்தது. மற்றது உன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. நான் கையொப்பம் போட்டதும் நிறுவனம் உனக்குப் பணம் தரும், அந்தப் பணத்தில்தான் எங்கள் இருவருக்கும் விமான டிக்கட் எடுப்பாய், அங்கே நடக்கும் உன் கலியாணத்துக்கு நான் இளம்பச்சைச் சேலை கட்ட வேண்டும். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த மாதிரி வாக்கியங்களை மொழிபெயர்த்துச் சோறு தின்றவள் நான். எனக்கே ஒன்று வந்தது இதுதான் முதல் தடவை.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதவில்லை. நம் மென்பொருளைப் பிரதி கேட்டு வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் மெமரி கார்டில் இதையும் சேர்க்கப் போகிறேன். படிக்கலாம், பிரதி எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம். பிழை கண்டால் திருத்தவும் அவர்களுக்கு உரிமை உண்டு. ஆகவே உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்கும் சில மறந்துபோயிருக்கலாம் என்று அந்தப் படிவத்தைப் பார்த்தபோது தோன்றியது.

மாத்தளை நீதிமன்றத்துக்கு எதிரே பிரக்கிராசி ஒருவரின், அதாவது வக்கீலின், கந்தோரில், முன்பகுதியில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் நான். இந்த நாட்டில் அரசகரும மொழிகள் இரண்டு என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டப் புத்தகம் மூன்று மொழிகளில் கிடைக்கிறது. அரசாங்கக் கந்தோர்களில் ஒரு மொழிதான் கிடைக்கிறது. இந்த இடைவெளியில்தான் என் மேசை போடப்பட்டிருக்கிறது. தமிழில் உள்ள காகிதத்தோடு ஒரு தேயிலைத் தோட்டத்து ஆள் கந்தோருக்குப் போனால் சிங்களத்தில் கொண்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள். அவர் என்னிடம் வருவார். உன் பள்ளிக்கூடச் சப்பாத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன தகரப் பெட்டி வரை எல்லாம் அந்த இடைவெளியிலிருந்து வந்தவை. அரசாங்கத்தின் அலட்சியத்தை நான் குறை சொல்லும்போது கொஞ்சம் நன்றி கெட்டவளாகத்தான் பேசுகிறேன்.

நீ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் இருந்தபோது, தட்டச்சு இயந்திரத்தை மூடி வைத்துவிட்டுக் கணினி வாங்கினேன். கொழும்பில் ஒரு நிறுவனம் மொழிபெயர்ப்பாளர்களுக்கென்றே ஒரு மென்பொருள் விற்றது. பிறப்பு, இறப்பு, விவாகம் என்று எல்லாப் படிவங்களும் அதில் தயாராக இருந்தன. கட்டங்களை நிரப்பினால் அழகாக அச்சடித்துத் தரும். நீ விடுமுறையில் வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "உள்ள என்னா இருக்குன்னு பார்க்க முடியாத சாமான வாங்காதீங்கம்மா. நாளைக்கு ஒரு கட்டத்த மாத்தணும்னாலும் அவங்க கால்ல போய் விழணும்" என்றாய். கட்டற்ற மென்பொருள் என்று ஒன்று இருக்கிறது, நானே போட்டுத் தருகிறேன் என்றாய். சும்மா கிடைக்கிறது சும்மாதான் இருக்கும், நீ போய்ப் படிக்கிற வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு அதையே வாங்கினேன். என் தவறுகளில் இது முதலாவது. பெரியது இனிமேல்தான் வருகிறது.

அந்த மென்பொருளில் பிறந்த திகதிக்கு ஒரு கட்டம் இருந்தது. நாள், மாதம், வருடம் மூன்றையும் போடாவிட்டால் சிவப்பு எழுத்தில் எச்சரித்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். அடுத்த கட்டத்துக்குப் போகாது, அச்சும் அடிக்காது. கொழும்பில் வைத்தியசாலையில் பிறந்தவர்களுக்காகக் கொழும்பில் உட்கார்ந்து செய்தது. றத்தோட்டைக்கு மேலே, தோட்டத்து லய வீட்டில், ஐம்பது வருடத்துக்கு முன்னால் பிறந்த ஒருவருக்குப் பிறந்த திகதி இருப்பதில்லை. ரோட்டு சரிந்த வருடம், தோட்டத்தை நடத்திய பழைய தொரை போன வருடம் என்றுதான் இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு அரசாங்கமே உத்தேச வயதுச் சான்று கொடுக்கிறது. 'வயது சுமார் நாற்பத்தெட்டு' என்பதோடு அது முடிந்துவிடும். தோட்டத்து ஜனங்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்துவிட்டோம் என்று அறிவித்த கையோடு ஆயிரம் காகிதங்களும் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சான்றுகளை அள்ளிக்கொண்டு ஜனங்கள் என் மேசைக்கு வந்தார்கள்.

நான் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பேசிய பெண் மிகவும் மரியாதையானவள். ஏதாவது ஒரு திகதியைப் போட்டுவிடுங்கள் மிஸ் என்றாள். அந்த ஆளுக்கே பிறந்த நாள் தெரியாது என்றேன். "அதுதான் மிஸ் நானும் சொல்றேன். அவருக்கே தெரியாதுன்னா அவரு குறை சொல்ல மாட்டாரு தானே" என்றாள். இவ்வளவு தெளிவான தர்க்கத்தை நான் நீதிமன்றத்தில்கூடக் கேட்டதில்லை. அன்றிலிருந்து திகதி தெரியாத அத்தனை பேரையும் ஜனவரி முதலாம் திகதி பிறக்க வைத்தேன். அதற்கு அடியில், இது மூலப்பிரதிக்கு உண்மையான மொழிபெயர்ப்பு எனச் சத்தியம் செய்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினேன். மூலப்பிரதியில் இல்லாத ஒரு நாளை நான் எழுதினேன். யாரும் என்னை மிரட்டவில்லை. ஒரு கட்டம் சிவப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

போர்நிறுத்தச் சமாதானம் முடிந்துவிட்டதென்று யாரும் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் சோதனைச் சாவடிகள் திரும்பி வந்துவிட்ட வருடம் அது. ஒரே லயத்தைச் சேர்ந்த ஏழு பேர், தோட்டத்தில் வேலையில்லாத ஒரு நாளில், தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி மூட்டை இறக்கும் வேலைக்காக பஸ்ஸில் போனார்கள். பலாபத்வல சாவடியில் இறக்கிக் காகிதம் கேட்டார்கள். ஏழு பேருக்கும் அடையாள அட்டை இன்னும் வந்து சேரவில்லை. உத்தேச வயதுச் சான்றும் என் மொழிபெயர்ப்பும் இருந்தன. ஏழு வெவ்வேறு வருடம், ஒரே பிறந்த நாள், ஒரே முத்திரை. தோட்டத்துத் தொரை, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டைப் பிள்ளைப் பேற்றுக்கும் போட்டு நாள் குறித்துக் கொடுப்பாரா என்று அங்கிருந்த சார்ஜன்ட் கேட்டாராம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காகிதங்களைப் பார்த்தால் எனக்கும் சந்தேகம் வந்திருக்கும். ஏழு பேரையும் மாத்தளைப் பொலிஸுக்குக் கொண்டுவந்து, கள்ளக் காகிதம், பயங்கரவாதச் சந்தேகம் என்று எழுதி உள்ளே வைத்தார்கள்.

என்னையும் கூப்பிட்டார்கள். பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார். இங்கே தமிழில் எழுதுகிறேன். இது உங்கள் முத்திரையா? ஆம். இந்த ஏழு பேரும் ஒரே நாளில் பிறந்தார்களா? இல்லை. அப்படியானால் ஏன் அப்படி எழுதினீர்கள், நோனா? கணினி விடவில்லை, ஐயா. அவர் சிரித்துவிட்டு, அதையே வாக்குமூலமாக எழுதி என் பக்கம் நீட்டினார். 'கணினி அனுமதிக்காததால் பொய்யான திகதியை எழுதினேன்.' கையொப்பமிட்டேன். எத்தனையோ பேருடைய வாழ்க்கையை மொழிபெயர்த்த எனக்கு, என் சொந்த வாக்கியமாக அரசாங்கக் கோப்பில் இருப்பது அது ஒன்றுதான்.

நான்காம் நாள், உள்ளே இருந்தவர்களில் மருதமுத்து என்பவரின் மனைவி செல்லம்மா என் மேசைக்கு வந்தாள். கொழுந்து எடுக்கிற கூடையை எங்கோ வைத்துவிட்டு நேரே வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு அப்படியே இருந்தது. அழவில்லை. அந்த நாளை மாற்றி எழுதித் தாருங்கள் என்றாள். என்ன நாளென்று எழுதுவது என்று கேட்டேன்.

"தெரியாதுன்னு எழுதுங்க மிஸ். அவருக்குந் தெரியாது, எனக்குந் தெரியாது. தெரியாதுன்னு எழுதுனா என்னா கொறஞ்சி போயிரும்?"

கணினியைக் காட்டி, இது அப்படி எழுத விடாது என்றேன். அவள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது யாரு வீட்டுப் பொட்டி மிஸ்? ஒங்க வீட்டுது தானே?"

பழைய தட்டச்சு இயந்திரத்தை எடுத்து, திகதி தெரியாது என்று அடித்துக் கொடுத்தேன். பொலிஸில் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, முதல் காகிதத்திலும் சத்தியம், இரண்டாவதிலும் சத்தியம், இதில் எந்தச் சத்தியம் சத்தியம் என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பதினெட்டு நாள் கழித்து, குற்றமொன்றும் இல்லையென்று ஏழு பேரையும் வெளியே விட்டார்கள். அதற்குள் தோட்டத்தில், வேலைக்கு வரவில்லையென்று மருதமுத்துவின் பேரை ஆள் பதிவிலிருந்து வெட்டிவிட்டார்கள். இருபத்தாறு வருடம் வேலை செய்த தோட்டம். இன்று வரை அவர் அங்கே அன்றன்றைக்குக் காசு வாங்குகிற கைக்காசு ஆளாகத்தான் நிற்கிறார்.

நீ அப்போது என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த விடுமுறையில், கொழும்பில் யாரோ பாவித்து விற்ற ஒரு சின்னக் கணினியோடு வந்தாய். மூக்குக் கண்ணாடிக் கூடு மாதிரித் திறந்து மூடும். உள்ளே கொத்தமல்லி விதை அளவில் விசைகள். உன் அப்பா அதைக் கையில் வாங்கி, "இதுல டைப் பண்றதுக்கு ஒங்கம்மா வெரல சீவித்தான் எடுக்கணும்" என்றார். நீ சிரிக்கவில்லை. பத்து நாள் முன் அறையில் உட்கார்ந்து, அதில் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸைப் போட்டாய். அதிலும் எல்லாவற்றையும் போடவில்லை. ஒவ்வொரு துண்டையும் எடுத்து, இதன் மூலநிரல் திறந்திருக்கிறதா, யாரும் படித்துப் பார்க்கலாமா, மாற்றலாமா, மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாமா என்று விசாரித்தாய். ஒன்றுக்கு இல்லையென்று பதில் வந்தாலும் அந்தத் துண்டை வெளியே போட்டாய். அரிசியில் கல் பொறுக்குகிற கைகூட அவ்வளவு பொறுமையாக இருக்காது.

கடைசியில் வயர்லெஸ் சில்லு மிஞ்சியது. அது வேலை செய்ய வேண்டுமானால் அதைச் செய்தவர்கள் பூட்டி வைத்திருக்கும் ஒரு சின்ன நிரலை உள்ளே விட வேண்டும். நான் கெஞ்சினேன். அந்த ஒரு துண்டு இருந்துவிட்டுப் போகட்டும், இன்டர்நெட் வரும், கொமியுனிகேஷன் கடைக்கு அலைய வேண்டியதில்லை என்றேன். நீ சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "ஒரு அறைக்கு மட்டும் பூட்டு, சாவி வேற ஆள் கையில. அந்த வீட்ட ஒங்க வீடுன்னு சொல்வீங்களாம்மா?" நிரலை எடுத்துவிட்டாய். வயர்லெஸ் செத்தது. இதை நீ என்றைக்குச் சொன்னாய் என்று உனக்கு நினைவில்லாவிட்டால் ஜனவரி முதலாம் திகதி என்று போட்டுக்கொள்.

பிறகு அந்தக் கருவிக்காகவே, தமிழிலும் சிங்களத்திலும் படிவம் நிரப்பும் ஒரு மென்பொருளை எழுதினாய். பிறந்த திகதி கட்டாயம் என்று சொல்லும் வரி எது என்று எனக்குக் காட்டினாய். நீயே மாற்றியிருக்கலாம், என்னை மாற்றச் சொன்னாய். ஒரு சொல்லை அழித்து இன்னொரு சொல்லை எழுதினேன். கட்டத்தை வெறுமையாக விட்டுப் பார்த்தேன். சிவப்பு எழுத்து வரவில்லை. 'தெரியாது' என்று சிங்களத்தில் அச்சாகி வந்தது. ஐம்பத்தாறு வயதில் ஒரு இயந்திரத்துக்கு நான் சொல்லி அது கேட்டது. அந்தத் தைரியத்தில், முப்பது வருடமாகக் கொப்பிகளில் சேர்த்து வைத்திருந்த தோட்டத்துச் சொற்களையும் கந்தோர்ச் சொற்களையும் இரண்டு மொழியிலும் பட்டியலாக அதில் ஏற்றினேன். எட்டு மாதம் பிடித்தது. நீ மூலநிரலின் தலைப்பில் உன் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதி, "இனிமே இதுல நீங்களும் சொந்தக்காரிம்மா" என்றாய். விளையாட்டுக்குச் சொன்னாய் என்று நினைத்தேன். மெல்பர்னில் உள்ள வக்கீல்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

நீ அங்கே போன பிறகு இந்தச் சின்னக் கணினி என்ன செய்தது என்று நீ கேட்கவில்லை, சொல்கிறேன். ரிவர்ஸ்டன் மலைக்குக் கீழே உள்ள தோட்டங்களுக்கு மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போகிறேன். மூடுபனியில் மின்சாரம் போனாலும் இது பற்றரியில் ஓடுகிறது. ஆளை எதிரே வைத்துக்கொண்டு எழுதி, வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டுவிட்டுத்தான் முத்திரை குத்துகிறேன். முன்பெல்லாம் அவர்கள் என் மேசைக்கு வந்து தலையாட்டிவிட்டுப் போவார்கள். இப்போது கருவியை எட்டிப் பார்த்து, "எம் பேருக்குப் பின்னால அப்பா பேரு எங்க?" என்று கேட்கிறார்கள்.

ஒரு தடவை பலாபத்வல சாவடியில் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு இளம் அதிகாரி திறந்து மூடித் திறந்து பார்த்தார். செய்தி அனுப்புமா என்று கேட்டார். அனுப்பாது என்றேன். வயர்லெஸ் இருக்கிறதே என்றார். இருக்கிறது, வேலை செய்யாது என்றேன். உடைந்துவிட்டதா? இல்லை, என் மகன் அதற்கு விரோதம். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கால் மணி நேரம் விசைகளைத் தட்டிப் பார்த்து, அது எங்கும் இணையாது என்று உறுதி செய்துகொண்டு, உங்கள் மகன் பொறுப்பான பிள்ளை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். கட்டற்ற மென்பொருளுக்கு இலங்கை இராணுவம் கொடுத்த நற்சான்று அது. நீ இப்போது அனுப்பியிருக்கும் புதிய கருவி, பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பினால், எந்நேரமும் உலகத்தோடு இணைந்தே இருக்குமாம். அதைப் பையில் போட்டுக்கொண்டு அந்த வழியாக பஸ்ஸில் போக உன் நிறுவனத்திலிருந்து யாரையாவது அனுப்பு.

பிரதிகளும் போயிருக்கின்றன. நான் மின்னஞ்சல் அனுப்பப் போகிற கொமியுனிகேஷன் கடை முக்தார் நானாவும் ஒன்று வாங்கினார்; தனக்குத் தெரிந்த ஆள்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க. விலை எவ்வளவு தங்கச்சி என்று கேட்டார். சும்மாதான் என்றேன். "சும்மாண்டா பயமா இரிக்கே" என்றார். பயந்தபடியே எடுத்துக்கொண்டு போய், ஒரு வாரத்தில் முஸ்லிம் விவாகப் பதிவுக்குரிய படிவத்தைத் தானே சேர்த்துக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். தோட்டத்து மருந்துக்காரர் ஒருவர் பிள்ளைகளுக்கு ஊசி போட்ட அட்டையைச் சேர்த்தார். நான் கேட்கவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது, செய்தார்கள், திருப்பித் தந்தார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் நீ தொலைபேசியில் பேசினாய். எவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய் என்பது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு கோபம். நிறுவனம் நம் மென்பொருளை எடுத்துக்கொள்ளப் போகிறது, நன்றாக்கியும் இருக்கிறது, நம் நாட்டுத் திணைக்களங்களுக்கு விற்கப் போகிறது என்றாய். மூலநிரலைப் பூட்டிவிடுவார்கள், ஏற்கனவே கொடுத்த பிரதிகளை ஒன்றும் செய்ய முடியாது, இனிமேல் மட்டும் கொடுக்காதீர்கள் என்றாய். என்ன நன்றாக்கினார்கள் என்று கேட்டேன்.

"எந்தக் கட்டத்தையும் இனி வெறுமையா விட முடியாதும்மா. டேட்டா சுத்தமா இருக்கும்."

"பொறந்த திகதி?"

"அதுவும் போடணும். ஆனா நீங்க ஒண்ணும் செய்யத் தேவையில்ல. போடாம விட்டா அதுவே ஒண்ணப் போட்டுக்கும்."

"எதப் போட்டுக்கும்?"

நீ மெதுவாகத்தான் சொன்னாய். தொலைபேசி இணைப்பு நன்றாக இருந்தது.

மகனே, கொழும்பு நிறுவனத்துப் பெண் எனக்கு ஒரு பொய்த் திகதியைப் போடச் சொன்னாள். போட்டது நான், என் கை அதில் இருந்தது, குற்றமும் இருந்தது, பொறுப்பதிகாரி என்னைக் கூப்பிட்டு ஏன் எழுதினீர்கள் என்று கேட்கவும் முடிந்தது. நீயும் உன் நிறுவனமும் அந்தப் பொய்யை யாரும் சொல்லத் தேவையில்லாதபடி செய்துவிட்டீர்கள். இனி ஒரு மருதமுத்து சாவடியில் இறக்கப்பட்டால், ஏன் அப்படி எழுதினாய் என்று யாரைக் கூப்பிட்டுக் கேட்பது? திணைக்களம் கணினி என்று சொல்லும். நிறுவனம் மெல்பர்னில் இருக்கும். உள்ளே திறந்து பார்த்து அந்த ஒரு வரியைக் காட்ட யாருக்கும் முடியாது, பூட்டியிருக்கும். அந்தப் பூட்டுக்கு அடியில் நான் எட்டு மாதம் ஏற்றிய சொற்பட்டியலும் இருக்கும். என் சொற்களாலேயே அந்த மனிதரை மறுபடி உள்ளே போடுவதற்கு என் கையொப்பம் கேட்டிருக்கிறாய்; அதற்கு இளம்பச்சைச் சேலையும் கட்டச் சொல்லியிருக்கிறாய்.

உனக்கும் ஒரு நியாயம் இருக்கும். புதிய நாடு, புதிய வேலை, மேலே உள்ளவர்கள் சொல்வதை மறுக்க முடியாத வயது. கொள்கையை வைத்து வீட்டு வாடகை கட்ட முடியாது என்று நீ சொன்னது உண்மை. கொள்கையை வைத்து நான் வாடகை கட்டியதும் இல்லை. மேலே எழுதியதைப் படித்தவர்களுக்கு அது தெரியும். சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் பணிந்தவள் நான். அந்தத் தகுதியில்தான் உனக்குச் சொல்கிறேன். பணிவது மிகவும் இலகு. ஒரு சின்ன வலிகூட இருக்காது. பதினெட்டு நாள் கழித்து, அதுவும் வேறு ஒருவருக்குத்தான் வலிக்கும்.

கலியாணம் செய்யப் போகிற பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்வது வழக்கம். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வீட்டில் இடம் வை. நீ கட்டப் போகிற பெண் உன்னிடம் எதையாவது கேட்டு உனக்குப் பதில் தெரியாவிட்டால், வெறுமையாக விடு. ஒரு திகதியைப் போட்டு நிரப்பாதே. உன் சம்பளம் எவ்வளவு, உன் அம்மா ஏன் வரவில்லை, எல்லாவற்றையும் அவள் திறந்து பார்க்கட்டும். உன் அப்பாவுக்குக் காட்டாமல் நான் முப்பது வருடம் பூட்டி வைத்த அறைகள் இரண்டு மூன்று உண்டு. அவற்றால் எனக்கும் நன்மை இல்லை, அவருக்கும் இல்லை.

உன் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் டைம்கீப்பராக இருந்தவர், ஒரு பஸ்ஸையும் தவற விட்டதில்லை. கலியாணத்துக்கென்று போன மாதமே திருகோணமலை வீதித் தையல்காரரிடம் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைத் தீர்மானத்துக்குப் பிறகு படிவத்தை அவர் முன்னால் வைத்து, நீங்கள் சொல்லுங்கள், நீங்கள் போடச் சொன்னால் போடுகிறேன் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அவர் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி இரண்டு பக்கத்தையும் கடைசி வரை வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போடச் சொன்னா நீ போட்டுருவ. பொறகு நா சாகுற வரைக்கும் ஒம் மொகத்தப் பார்த்துக்கிட்டு இருக்கணும். வேணாம்" என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "கோட்டு தச்சாச்சு. அது கெடக்கட்டும்" என்றார்.

திங்கட்கிழமை மாத்தளைத் தபால் கந்தோரில், படிவத்தைக் கையொப்பமிடாமல் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அன்று பின்னேரமே முக்தார் நானாவின் கடையிலிருந்து உனக்கு மின்னஞ்சலிலும் அறிவித்தேன். வியாழக்கிழமை உன் பதில் வந்தது. இரண்டு வரி. நிறுவனம் அந்த மென்பொருளைக் கைவிட்டுவிட்டது. டிக்கட் பதிவை இரத்துச் செய்துவிட்டாய்.

உன் கலியாணப் பூசை பதினேழாம் திகதி, சனிக்கிழமை, அங்கே பின்னேரம் நான்கு மணிக்கு. இங்கே அப்போது காலை பத்தரை. அது நான் ரிவர்ஸ்டன் பக்கம் போகிற சனிக்கிழமை. காகிதம் எழுதிக்கொள்ள இதுவரை ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா